மச்சானுக்குச் சொன்ன ஆட்டம்

பல்செட் செய்கிறவருக்கு வேலை நேரத்தில் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பல் டாக்டர்கள் அளவெடுத்து, ஒரு சின்னப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக இடுக்கியால் நட்டுவைப்பார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு. முப்பத்தோரு வருஷமாக யார் யாருடைய சிரிப்போ அவர் கையில் உருவாகிப் போயிருக்கிறது. அந்த முகங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

வீட்டிலும் பேச்சு குறைவுதான். "எங்கிட்ட ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. எங்கண்ணன்கூட மைதானத்துக்குப் போனா பத்தாயிரம்" என்பாள் மனைவி. அதில் மிகை ஒன்றும் இல்லை. நீலச்சட்டை அணி சொந்த மைதானத்தில் ஆடுகிற ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும், தொண்ணூறு நிமிஷம், அவர் மூச்சு விடாமல் பேசுவார். பேசியே ஆக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மச்சானுக்குக் கண் தெரியாது.

அது தொடங்கியது அவருக்குக் கல்யாணமான புதிதில். மனைவியின் அண்ணனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. ஏதோ நரம்புக் கோளாறில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, அந்த வருஷம்தான் முழுக்க அணைந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் என்பதால் வேலைக்கு ஆபத்தில்லை. பொத்தான்களை விரல் அறியும். போனது பந்து ஒன்றுதான். பள்ளிக்கூட நாளிலிருந்து விடாமல் போய்க்கொண்டிருந்த மைதானத்துக்குப் போகாமல் ஆறு மாதம் வீட்டிலேயே கிடந்தார். பிறகு ஒருநாள் புது மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"மாப்ள, சும்மா என் பக்கத்துல உக்காந்து பந்து யார்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க. அது போதும்."

"எனக்கு ஃபுட்பால்ல ஒண்ணும் தெரியாதே மச்சான். ஆஃப்சைடுன்னா என்னன்னுகூடத் தெரியாது."

"அது எனக்குத் தெரியும். யார் எங்க நிக்கறான்னு மட்டும் நீங்க சொல்லுங்க. ஆஃப்சைடா இல்லையான்னு நான் சொல்றேன்."

அப்படித்தான் பார்வை உள்ளவருக்குப் பார்வை இல்லாதவர் கால்பந்து கற்றுக்கொடுத்தார். முதல் நாள் அணி ஐந்து கோல் வாங்கித் தோற்றது. அன்று இரண்டாம் பாதியில் ஒரு நீலச்சட்டைக்காரன், எதிரே கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லாத இடத்தில், பந்தை மதிலுக்கு மேலே வெளித் தெருவுக்கு அடித்தான். கூட்டம் "ஆ...!" என்றது. மச்சான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன, என்ன ஆச்சு?" என்றார். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஓர் உயிர் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"மயிரிழை மச்சான்! போஸ்ட்டை உரசிட்டுப் போச்சு!"

அன்றிலிருந்து இருபத்தெட்டு சீசன். கோல் கணக்கை மாற்ற முடியாது, மைக்கில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மற்றதெல்லாம் அவர் கையில்தானே இருந்தது! மயிரிழையில் தவறிய பந்தும் தெருவுக்குப் போன பந்தும் கூட்டத்தின் வாயில் ஒரே "ஆ" தான். பந்தை வாங்கத் தெரியாமல் தடுக்கி விழுந்தவன் அவர் வாயில் மூன்று பேரை ஏமாற்றிவிட்டு வழுக்கி விழுந்தான். ஒட்டடைக்குச்சி என்று எல்லாரும் கேலி செய்கிற, இப்போதைய உயரமான கோல்கீப்பர் நின்ற இடத்திலிருந்து நகரவே மாட்டான். மச்சானுக்கு மட்டும் அவன் வாராவாரம் பறந்தான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு நாளடைவில் போய்விட்டது. பல் நடும்போது பழைய பல்லைவிடக் கொஞ்சம் வரிசையாகத்தானே நடுகிறோம், அந்த மாதிரி என்று வைத்துக்கொண்டார்.

பின்வரிசையில் ஒரு முடிவெட்டுகிறவர் உண்டு. எல்லாம் தெரிந்தும் ஒருநாளும் காட்டிக்கொடுக்காத மனுஷன். சில நாள் முன்னால் குனிந்து, "நீங்க பாக்கற ஆட்டம்தான் நல்லா இருக்கு, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்பார்.

வெளியூர் ஆட்டங்களை மச்சான் ரேடியோவில் கேட்பார். கேட்டுவிட்டுக் குழம்புவார். "நம்ம ஊர்ல புலி மாதிரி ஆடறவனுங்க, வெளியூருக்குப் போனா ஏன் மாப்ள இப்படிச் சொதப்பறானுங்க?"

"பஸ்ல போற அலுப்பு மச்சான்" என்பார் இவர்.

இதெல்லாம் இந்த வருஷம் வரை பிரச்சினை இல்லாமல் ஓடியது. இந்த வருஷம்தான் இரண்டு கவலை சேர்ந்து வந்தது. சீசன் பாதி தாண்டியும் அணி கடைசியிலிருந்து இரண்டாவது இடத்தில் இருந்தது; கடைசி இரண்டு அணிகள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். அடுத்தது புது ஸ்டேடியம். ஊருக்கு வெளியே, கண்ணாடியும் இரும்புமாக, இரண்டு வருஷம் இழுத்தடித்து ஒருவழியாகக் கட்டி முடித்திருந்தார்கள். செலவைச் சமாளிக்க, இருந்த ஒரே நல்ல ஸ்ட்ரைக்கரை விற்றுவிட்டதாகப் பேச்சு.

"கூரை போடறதுக்கு கோல் போடறவனை வித்துட்டானுங்க. இனிமே மழையில நனையாம தோக்கலாம்" என்றார் முடிவெட்டுகிறவர். பழைய மைதானத்தின் கடைசி ஆட்டத்தன்று, எந்த வரிசையிலும் வேறு பேச்சே இல்லை. பஸ் அவ்வளவு தூரம் போகுமா, பழைய இடம் கிடைக்குமா, இறங்கிவிட்டால் அந்த ராட்சசக் கட்டடத்தை யார் நிரப்புவது என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள்.

இடம் கிடைக்கவில்லை. புது சீசன் டிக்கெட் தபாலில் வந்தபோது மச்சானுக்குக் கீழ்த்தளத்தில் மேற்குப் பக்கம், இவருக்கு மேல்தளத்தில் கிழக்குப் பக்கம் என்று இருந்தது. இவர் அரை நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு டிக்கெட் ஆபீசுக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. பொறுமையாகக் கேட்டாள்.

"கம்ப்யூட்டர் ஒதுக்கினது சார். பார்வையில்லாதவங்களுக்குன்னே தனி வரிசை வெச்சிருக்கோம். ஹெட்போன் குடுத்துடுவோம். அதுல ஒருத்தர் ஆட்டத்தை முழுக்க விவரிச்சுச் சொல்வாரு. அதுக்குன்னே பயிற்சி எடுத்தவரு. கேட்லேர்ந்து கூட்டிட்டுப் போகவும் ஆள் உண்டு. துணைக்குன்னு யாரும் வர வேண்டியதே இல்லை."

"துணைன்னு இல்லம்மா..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட மச்சானுக்கு ஒரே குஷி. "பரவாயில்லையே! உங்களுக்கும் தொண்டைக்கு ஓய்வு. ஒருநாளாவது நிம்மதியா ஆட்டத்தைப் பாருங்க மாப்ள." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

புது ஸ்டேடியத்தின் முதல் ஆட்டம். மேல்தளத்திலிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் விரல் உயரம் இருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் பழக்கத்தில் வாய் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தான். வாயை மூடிக்கொண்டு பார்த்தார். இவ்வளவு மோசமாகவா ஆடுகிறார்கள்? சொல்லாமல் பார்க்கும்போது ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை. எதிரே, கீழ் வரிசையில், ஹெட்போன் மாட்டிய சின்னத் தலை ஒன்று தெரிந்தது. அது அசையாமல் இருந்தது.

மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். வாசலில் சேர்ந்துகொண்டு பஸ் ஏறியதும் மச்சான் கேட்டார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். அந்த ஒட்டடைக்குச்சி, இன்னிக்கு மட்டும் அப்படியா, எப்பவுமே அப்படித்தானா?"

இவர் ஜன்னலைப் பார்த்தார்.

"மூணு கோலுக்கும் நின்ன இடத்துலயே நின்னான்னு ஹெட்போன்ல சொன்னாங்க. நீங்க சொன்ன ஆள் பறக்கறவன் இல்ல?"

"எப்பவுமே அப்படித்தான் மச்சான்" என்றார். சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. மதிலுக்கு மேலே தெருவுக்குப் போன அந்த முதல் பந்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"வேலை செஞ்ச இடத்துல" என்றார் மச்சான் மெல்ல, "திங்கக்கிழமை ஆனா எல்லாரும் போன்ல கூப்பிட்டு ஆட்டத்தைப் பத்திப் பேசுவாங்க. நான் விடாம வாதாடுவேன். அவங்க சிரிப்பாங்க. கண்ணிருந்தும் பாக்கத் தெரியாத ஜென்மங்கன்னு நெனச்சுக்குவேன். இருபத்தேழு வருஷம் மாப்ள, ரிட்டயர் ஆகற வரைக்கும். அவங்க என்னைப் பாத்து இல்ல சிரிச்சிருக்காங்க."

அதன்பிறகு மூன்று வாரம் மச்சான் போனை எடுக்கவில்லை. ஸ்டேடியத்துக்குத் தனியாகவே போய்வந்தார். பட்டறையில் இவருக்குக் கை ஓடவில்லை. கீழ்வரிசைப் பல்லை மேல்வரிசையில் நட்டு, டாக்டரிடமிருந்து ஒன்று திரும்பி வந்தது. அப்படி நடந்தது இதுவே முதல் தடவை.

"போய் நின்னா கதவைச் சாத்திடவா போறாரு? எங்கண்ணனை எனக்குத் தெரியாதா? கோவத்தைக்கூட அவரால தனியா அனுபவிக்க முடியாது. கேக்கறதுக்கு ஆள் வேணும்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனார். மச்சான்தான் கதவைத் திறந்தார். செருப்புச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டு, உள்ளே போய் உட்கார்ந்தார். இவரும் எதிரே உட்கார்ந்தார். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றபிறகு மச்சான் கேட்டார்.

"பதினோரு வருஷம் முன்னாடி, கடைசி நிமிஷத்துல ஒரு கோல். பாதி மைதானத்துலேர்ந்து அடிச்சான், பந்து வளைஞ்சு போய் மூலையில இறங்கிச்சுன்னு சொன்னீங்க. எனக்கு அதுதான் எல்லாத்துலயும் பெருசு. தூக்கம் வராதப்போ அதைத்தான் ஓட்டிப் பாப்பேன். அதுவும் உங்க கைவேலைதானா?"

"இல்ல மச்சான். அது நிஜம்."

"சத்தியமா?"

"அதை நான் கொறைச்சுத்தான் சொன்னேன். அது எப்படி இருந்துச்சுன்னு சொல்ல எனக்கு வார்த்தை வரலை. அது உள்ள எறங்கினப்போ, பின்னாடி நம்ம முடிவெட்டறவரு அழுதுட்டாரு. அதையும் உங்ககிட்ட சொல்லலை."

மச்சான் முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டார். "சரி, டீ போடுங்க. எனக்குச் சர்க்கரை கம்மி" என்றார். இவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். போகிறவரைக் கூப்பிட்டு, "முடிவெட்டறவரு எப்படி அழுதாரு? விசும்பியா, கேவிக் கேவியா?" என்று கேட்டார். டீ ஆறிப்போகும்வரை அந்த ஒரு கோலை முதலிலிருந்து, ஒவ்வோர் அடியாக, உள்ளது உள்ளபடி சொல்லவைத்துக் கேட்டார்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நிலை. ஒன்றுக்கு ஒன்று என்று டிராவில் முடிந்தது, அணி இறங்கியது. ஒருவர் கீழேயும் ஒருவர் மேலேயும் தனித்தனியாக உட்கார்ந்து அந்தத் துக்கத்தைப் பார்த்தார்கள். வாசலில் முடிவெட்டுகிறவரும் வந்து சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள்.

இறங்கிய அணிக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? கோடை முடிவதற்குள் பாதிப் பேர் விலகிவிட்டார்கள். ஒருநாள் டிக்கெட் ஆபீஸ் பெண்ணே பட்டறைக்குப் போன் செய்தாள். "சார், அன்னிக்கு உங்களை வெறுங்கையா அனுப்பிட்டேன்னு மனசுல இருந்துச்சு. இப்ப எங்க வேணும்னாலும் சேர்ந்தாப்புல சீட் இருக்கு. வந்து பார்த்து எடுத்துக்குங்க."

போய்ப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நடுக்கோட்டுக்கு நேரே, ஏழாவது வரிசை, மூன்று சீட், மூன்றாவது முடிவெட்டுகிறவருக்கு. மச்சான் ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் மாப்பிள்ளை என்று வைத்துக்கொண்டார். இரண்டும் ஒத்துப்போகாதபோது அவருக்குப் பரம சந்தோஷம்.

"பந்து ரெண்டு கஜம் வெளியேன்னு இவன் சொல்றான் மாப்ள. நீங்க ஒரு சாண்னு சொன்னீங்க."

"அவன் தூரத்துல உக்காந்திருக்கான். அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியல மச்சான்."

முடிவெட்டுகிறவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. மச்சான் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

இரண்டாம் டிவிஷனில் இப்போது ஏழாம் இடம். இடது பக்கம் புதிதாக ஒருத்தன் ஆடுகிறான், ஒல்லியாக, சட்டை தொளதொளவென்று. போன சனிக்கிழமை அவன் பந்தோடு கிளம்பியபோது மச்சான் முன்னால் சாய்ந்து, "எப்படி மாப்ள, பையன் தேறுவானா?" என்று கேட்டார். பல்செட்காரர் அவன் ஒருத்தனைத் தாண்டுவதைப் பார்த்தார். இரண்டாமவனிடம் பந்தைப் பறிகொடுப்பதையும், துரத்திக்கொண்டு திரும்பி ஓடுவதையும் பார்த்தார்.

"இன்னும் தெரியல மச்சான். ஆனா விட்டதைத் தேடித் திரும்பி ஓடறான்."

"அது போதும்" என்றார் மச்சான். "இப்ப பந்து யார்கிட்ட?"