மலை மந்திருக்குக் கொண்டுபோன இரண்டு தேங்காய்

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, என் மூத்த மகள் கோமதியின் பிள்ளை காந்திமதி. மூன்று வயதில் என் மடிக்கு வந்தவள், இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கோமதி டில்லியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமைக்கிறாள். அவளைக் கையோடு கூட்டிவரத்தான் பங்குனி மாதம் நான் டில்லி போனேன். பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம், "ஆச்சி, டில்லி எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. முதியோர் பள்ளியில் கற்ற எழுத்து கையில் இருக்கிறது. அதை வைத்து மெதுவாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறினேன். போவதற்கு ஒரு டிக்கெட், வருவதற்கு இரண்டு டிக்கெட் என்று என் இளைய மகன் எடுத்துக் கொடுத்திருந்தான். பையில் இரண்டு சேலை, ஒரு கிலோ வற்றல், எங்கள் வீட்டு மரத்துத் தேங்காய் இரண்டு. டில்லியில் ஆர்.கே.புரம் என்ற இடத்தில் குன்றின் மேல் முருகன் கோயில் இருக்கிறது. மலை மந்திர் என்று சொல்கிறார்கள். மகளோடு ஊர் திரும்பும் அன்று அங்கே எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று உடைப்பதாக நேர்ந்திருந்தேன்.

கோமதி புருஷன் தவறிப்போன மறு வருடம், எங்கள் ஊர்க்கார அதிகாரி ஒருவர் வீட்டுக்குச் சமைக்க டில்லி போனாள். அங்கிருந்து இந்த வெள்ளைக்காரர் வீடு. இவர்கள் மூன்று வருடம் இருந்துவிட்டு வேறு தேசத்துக்கு மாறிப் போகிறவர்கள். "இவிய போனதும் நானும் வந்திருதேம்மா" என்று கோமதி போனில் சொன்னாள். காந்தியிடமும் சொன்னாள். அன்றிலிருந்து காந்தி பள்ளிக்கூட லீவு எப்போது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். பகல் முழுக்கப் பெண்கள் காத்திருக்கும் அறையில் கிடந்தேன். இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். எதிர் சீட்டில் சங்கரன்கோவில் பட்டாளத்துப் பையன் ஒருவன் இருந்தான். பரணில் என் பையை ஏற்றிவிட்டு, "ஆச்சி, உள்ள என்ன, குண்டா?" என்றான்.

"தேங்கா."

"டில்லியில தேங்கா கிடைக்காதுன்னு எவன் சொன்னான்?"

"கிடைக்கும்டே. நேந்துக்கிட்டது கிடைக்காது" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பையை அவன் பார்த்துக்கொண்டான்.

திங்கள் முழுக்க வறண்ட காடும் காய்ந்த வயலும்தான். நாக்பூரில் ஆரஞ்சு விற்றார்கள். புளிப்பு. செவ்வாய் காலை ஏழரைக்குப் புதுடில்லி. கோமதி வரவில்லை. அது அந்த வீட்டில் ரொட்டி சுட்டு மேசையில் வைக்கும் நேரமாம். விலாசத்தைப் பட்டாளத்துப் பையன் ஒரு சர்தார் ஆட்டோக்காரரிடம் காட்டினான். அவர் நூற்றைம்பது கேட்டார், தொண்ணூறுக்கு இறங்கினார்.

"மாதாஜி, மதராஸ்?" என்று கேட்டார்.

"திருநெல்வேலி."

"அச்சா, அச்சா. மதராஸ்" என்று தலையாட்டினார்.

டில்லி பெரிய ஊர்தான். வேப்பமரம் அகலச் சாலைக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. சில இடத்தில் சாலையை நடுவில் பிளந்து போட்டிருந்தார்கள். பூமிக்கு அடியில் ரயில் விடப் போகிறார்களாம். ஆர்.கே.புரம் தாண்டும்போது குன்றின் மேல் கருங்கல் கோபுரம் தெரிந்தது. ஆட்டோவில் இருந்தபடியே கும்பிட்டேன். வசந்த் விஹாரில் அந்த வீட்டுக் கேட்டில் இறங்கியதும், செம்பட்டை முடியோடு ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடி வந்தது.

"கோமா! ஆச்சி வந்தாச்சு!" என்று உள்ளே பார்த்துக் கத்தியது. பிறகு என்னைப் பார்த்து, "சோறு தின்னியளா?" என்றது.

எங்கள் பேட்டைப் பேச்சு. அப்படியே கோமதியின் இழுப்பு. பெயர் ஆன்னா. கோமதிதான் மூன்று வருடமாக ஊட்டி வளர்த்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இழுப்பில் காந்தியிடம் கோமதி பேசியது வாரத்துக்கு ஒரு முறை, போனில் ஐந்து நிமிடம்.

கோமதி அடுப்படியில் நின்றாள். இளைத்திருந்தாள். முழங்கை வரை கொத்துக்கறி. எங்கள் வீட்டில் முட்டை ஓடுகூட விழுந்ததில்லை.

"என்னட்டி இது?"

"ஆட்டுக்கறிம்மா. கையக் கழுவிட்டு வாரேன், இரி."

"ருசி எப்படிட்டி பாப்ப?"

"பாக்க மாட்டேன். மோந்தே கண்டுபிடிச்சிருவேன். ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த பெருமையை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். கண்ணாடியில்தான்.

அவள் குடியிருப்பது மாடிக்கும் மேலே ஒரு அறை. வீட்டின் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படி. ஒரு கட்டில், முருகன் படம், காந்தியின் முதல் வகுப்புப் போட்டோ. அடுப்பு இல்லை. நாள் முழுக்க ஒரு வீட்டுக்கே சமைக்கிறவள், தனக்கென்று உலை வைப்பதில்லை. இரண்டு துண்டு ரொட்டி, ஒரு தம்ளர் டீ. இதற்கா இளைத்தாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே வீட்டுச் சாமான்களில் எல்லாம் விலை எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. சோபா, ஃப்ரிட்ஜ், ஆன்னாவின் சைக்கிள். போகிறவர்கள் விற்க, வருகிறவர்கள் வாங்குவார்களாம். காவல்காரனையும் டிரைவரையும் சமையல்காரியையும்கூட அதே போலத்தான் கைமாற்றிவிடுகிறார்கள். கோமதியின் மேல் சீட்டு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை வீட்டுக் காரில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். நம் ஊர்க் காய் எல்லாம் அங்கே இருக்கிறது. முருங்கைக்காய் ஒன்று நான்கு ரூபாய். தேங்காய் பன்னிரண்டு. தட்டிப் பார்த்தேன், முற்றி எண்ணெய் விட்ட காய். கோமதி இரண்டு வாங்கினாள்.

"எதுக்குட்டி இம்புட்டுக் காயி?"

"சாயங்காலம் விருந்தும்மா. புதுசா இந்த வீட்டுக்கு வாரவிய தின்னு பாக்க வாராவ. ஆன்னாவுக்குப் பிடிக்கும்னு மேடம் சொதி வைக்கச் சொல்லிட்டா."

"அவிய தின்னு பாத்தா ஒனக்கு என்ன? நீதான் என்கூட வாரியே."

அவள் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே, "மேடம் கேட்டுக்கிட்டா. போறப்ப மரியாதையாப் போவணும்லா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சொதி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைப்பது. தேங்காயின் மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும். பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்ந்து கொதிக்க வேண்டும். கெட்டியான முதல் பாலை விட்டால், நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கண்ணை எடுத்தால் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிவது இறக்கிய பிறகுதான்.

ஆறரை மணிக்குக் கோமதி முதல் பாலை விட்டாள். அந்த நேரம் பார்த்து மேசை விரிப்பில் ஏதோ கறை என்று மேடம் கூப்பிட, ஓடினாள். நான் வாசல் பக்கம் இஞ்சி சீவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் சட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, திரிஞ்சு போச்சு."

எழுந்து போய்ப் பார்த்தேன். மேலே எண்ணெய், கீழே திப்பித் திப்பியாகத் தண்ணீர். மார்க்கெட் தேங்காய் இரண்டும் அதற்குள்தான் இருந்தன. வருகிறவர்களின் கார் கேட்டில் நின்றது.

எனக்கு எல்லாம் புரிந்தது. இந்தச் சட்டியை இப்படியே மேசையில் வைத்தால் புதுக்காரி முகம் சுளிப்பாள், வேறு ஆளைத் தேடுவாள், என் மகள் என்னோடு ரயில் ஏறுவாள். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். மறுபடி உட்கார்ந்து இஞ்சி சீவினால் போதும்.

ஆனால் அது சொதி. என் மாமியாரே என் கைச் சொதியைக் குறை சொல்லாமல் தின்றாள். என் மகள் வைத்த சொதி திரிந்தது என்று ஊர் பேர் தெரியாத ஒருத்தி சொல்லி நான் கேட்க வேண்டுமா? என் கால் தானாக இரும்புப் படி ஏறிற்று. பையைப் பிரித்து முருகனுக்கு வைத்திருந்த இரண்டு காயையும் எடுத்து வந்தேன். பின்வாசல் படியில் உடைத்தேன். நல்ல வெள்ளை.

"அம்மா, அது கோயிலுக்குள்ளது."

"துருவுட்டி, பேசாம" என்றேன்.

வெந்த காயை அரித்து வெந்நீரில் அலசினேன். மிக்ஸியில் அடித்துப் புதுப் பால் எடுத்துக் கூட்டினேன். நானே அடுப்பை விட்டு நகரவில்லை. நுரை கட்டியது, இறக்கினேன். கோமதி எலுமிச்சை பிழிந்தாள்.

கொஞ்ச நேரத்தில் உயரமான ஒருத்தி காலிக் கிண்ணத்தோடு அடுப்படிக்கே வந்தாள். இன்னும் ஊற்றச் சொல்லி நீட்டினாள். நின்றபடியே குடித்தாள். பிறகு கோமதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ பேசினாள். கோமதி தலையைக் குனிந்து இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னாள். என்ன பேச்சு என்று நான் யாரைக் கேட்பது? ஆன்னா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆச்சி, புது ஆன்ட்டிக்குக் கோமா வேணுமாம். கோமா சரின்னுட்டா."

வியாழன் காலை மேல்அறையில் கோமதி தலை பின்னிக்கொண்டிருந்தாள். நானாகப் பேச்சை எடுத்தேன்.

"காந்திக்கு என்ன சொல்லட்டும்?"

அவள் பின்னுவதை நிறுத்தவில்லை. "அங்கன வந்தா நான் யாரும்மா? புருஷனத் தின்னவ. ஒரு கல்யாண வீட்ல முன்ன நிக்க முடியுமா? தம்பி கல்யாணத்துல என்னைய அடுப்படியிலயே இருக்கச் சொன்னது யாரு, நீதான? இங்கன நான் குக்கு. விருந்துன்னா என்னையத்தான் மொதல்ல கூப்பிடுதாவ."

"பிள்ளைய இங்க கூட்டி வச்சுக்கோயேன்."

"மேல ரூம்ல பிள்ளை குட்டி கூடாதுன்னு வீட்டு ஓனரு சொல்லிட்டான்."

கீழே வெள்ளைக்காரரின் நாய் குரைத்தது. அதற்கு உள்ளேயே தனி மெத்தை உண்டு. கல்யாணத்தில் அடுப்படியில் இருக்கச் சொன்னதும் உண்மைதான். ஊர் வாயை அடைக்கச் சொன்னேன். இப்போதும் வேறு வழி இருந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

"அவகிட்ட நானே சொல்லுதேன்" என்றாள். பின்னல் நுனியை முடிந்துவிட்டு, "இல்லம்மா, நீயே சொல்லிரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலை மந்திர் போனோம். நல்ல கோயில். தமிழ் ஆட்கள் நிறையப் பேர், குழந்தைகள் எல்லாம் இந்தியில் பேசுகின்றன. வாசல் கடையில் கோமதி, "ரெண்டு தேங்கா வாங்கட்டாம்மா?" என்றாள். வேண்டாம் என்றேன். கற்பூரம் மட்டும் ஏற்றினேன்.

இரவு பத்தரைக்கு ரயில். கோமதி எலுமிச்சைச் சோறு கட்டித் தந்தாள். காந்திக்கு ஒரு கவுன் தந்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆகும் அளவு. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். ரயில் நகர்ந்தபோது கூடவே நடந்தாள், ஓடவில்லை.

அவளுக்கு எடுத்த பெர்த் என் எதிரில் காலியாகக் கிடந்தது. டிக்கெட் பரிசோதகர் வந்து கேட்டார். ஆக்ராவில் ஏறுவாள் என்று சைகை காட்டினேன். ஆக்ரா போனது. பையை எடுத்து அந்தப் பெர்த்தில் வைத்து, அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டேன். போபாலில் விடிந்தபோது அவர் மறுபடி வந்து, "மாதாஜி, பஸ்" என்று போதும் என்கிற மாதிரி கையை விரித்து, ஒரு தடித்த மனிதரை உட்கார வைத்தார். பையை எடுத்து மடியில் வைத்தேன். போகும்போது கனத்த பை இப்போது கனக்கவே இல்லை.

டில்லி எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான். சாலை அகலம், காய் முற்றல், தண்ணீரில் ருசி இல்லை. அங்கே என் மகள் நன்றாகச் சமைக்கிறாள். இங்கே நானும் காந்தியும் முன்னைப் போலவே இரண்டு தட்டு வைக்கிறோம்.

பேட்டை பஸ் நிறுத்தத்துக்குக் காந்தி வந்திருந்தாள். நான் இறங்கிய பிறகும், பஸ் கிளம்பித் திரும்பும் வரை அதன் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். அம்மா எங்கே என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. அவள் அம்மா என்னிடம் விட்டதை வாயால் சொல்ல எனக்கும் வரவில்லை. தெருக்காரர்களுக்கு என்று எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோதுதான் யாருக்கு எழுதினேன் என்று தெரிந்தது.

காந்தி, இந்தா. எழுத்துப் பிழையை அப்புறம் திருத்தலாம். என் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. உன் அம்மா பேசுகிற இடம் வரும், அவள் பேசியது போலவே எழுதியிருக்கிறேன். அங்கே நிறுத்தாதே. படி.