டிக்னிஃபைக்கு நான் சொன்ன நன்றி

என் கணவர் குடிக்காதவர் என்று நான் எங்கும் சொன்னதில்லை. சனிக்கிழமை குடிப்பார். ஏணியிலிருந்து விழுந்தது வியாழக்கிழமை. சிங்கப்பூர் ஜூரோங்கில் காலை ஷிஃப்ட் முடித்து, சாப்பிடாமல்கூட, லிட்டில் இந்தியாவில் இருக்கும் எங்கள் சங்கக் கட்டடத்தில் தீபாவளி விளக்கு கட்டப் போனார். சும்மா செய்து கொடுக்கும் வேலை. ஏணியைப் பிடிக்க ஆள் கேட்டிருக்கிறார், ஒருவரும் வரவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்புவதற்குள், தண்ணி போட்டுவிட்டு ஏறினார் என்ற பேச்சு அந்தத் தேக்கா வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது நன்றாக நடக்கிறார். ஆனாலும் புக்கிட் பாஞ்சாங் வீட்டை விட்டுக் கீழே இறங்குவதில்லை. காப்பிக்கடையில் ஒருவன், "என்ன அண்ணே, இன்னிக்கு ஏணி ஏறலையா?" என்று கேட்டுவிட்டான். அதோடு சரி.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நான் போனேன். எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் குடிச்சிருந்தார்னு முதல்ல சொன்னது யாரு?"

தலைவருக்கு மேடைப் பேச்சு என்றால் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். "ஐ வோன்ட் டிக்னிஃபை தட் வித் அன் ஆன்சர்" என்றார்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். டிக்னிட்டி என்று அங்கே சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டிக்கு டயப்பர் மாற்றும்போது திரையை இழுத்து மூட வேண்டும், அதுதான் டிக்னிட்டி என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எனவே தலைவரும் திரையை மூடுகிறார், நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகப் பதில் சொல்வார் என்று நினைத்தேன். "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையில் சிரித்தார்கள்.

தலைவர் கூப்பிடவே இல்லை. கூட்டக் குறிப்புதான் தபாலில் வந்தது. ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்பினார், தலைவர் விளக்கமளித்தார், உறுப்பினர் நன்றி கூறினார்.

டிக்னிஃபை என்றால் என்ன என்று மகளிடம் கேட்டேன். கைப்பேசியில் தேடினாள். மேன்மைப்படுத்து, கண்ணியம் அளி என்று தமிழில் போட்டிருந்தது. நல்ல வார்த்தைதானே என்றேன்.

"இல்லம்மா. இதை யாரும் நல்லதுக்குச் சொல்றதில்ல. பதில் சொன்னா உன் கேள்விக்கு மரியாதை குடுத்த மாதிரி ஆயிடும், அதனால சொல்ல மாட்டேன்னு அர்த்தம்."

உதாரண வாக்கியங்களைக் காட்டினாள். பாதிக்கு மேல் 'மாட்டேன்' என்றே இருந்தன. மரியாதை கொடுப்பதற்கென்று ஒரு வார்த்தையை உண்டாக்கி, அதை மறுப்பதற்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். என்ன பிறவிகள்.

அதைவிட மோசம் என் கணவர் சொன்னது. குறிப்பைப் படித்துவிட்டு, "நான் குடிச்சிருந்தேன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சங்கச் செயலாளரிடம் போனேன். குறிப்பைத் திருத்த அடுத்த ஆண்டுக் கூட்டத்தில்தான் முடியும் என்றார். காத்திருந்தேன். இந்த வருஷம் எழுந்து, "போன தடவ நான் சொன்ன தேங்க்யூவ எடுத்துடுங்க. அர்த்தம் தெரியாம சொல்லிட்டேன்" என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். "எடுத்துடலாம் லா, சின்ன விஷயம்தானே" என்றார் தலைவர். செயலாளர் பேனாவால் ஒரு கோடு போட்டார். அப்போ பதில் சொல்லுங்கள் என்று நின்றேன். தலைவர் பக்கத்தைத் திருப்பி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இந்த முறை டிக்னிஃபை கூட இல்லை.

திருத்திய தாளை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து அவர் கையில் கொடுத்தேன். ஜெயித்துவிட்டு வந்த மாதிரிதான் நின்றேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார்.

"தலைவர் விளக்கமளித்தார்னு இன்னும் இருக்கே" என்றார்.

எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அதை எடுக்கச் சொல்ல இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.