இடதுபக்க மேட்

1. பின் சீட்

கம்பெனி டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரிவது இரண்டாம்பட்சம்தான். சாரைப் பின் சீட்டில் இடது பக்கமாக உட்கார வைத்து, கதவை அலுங்காமல் சாத்தத் தெரிய வேண்டும். என் பிழைப்பு அப்படித்தான் ஓடியது. அதனால் மோரி சாரின் வண்டியை முதல் நாள் பார்த்ததும் நான் தேடியது பின் கதவைத்தான். இல்லை. மொத்தமே இரண்டு கதவு.

இது இரண்டாயிரத்துப் பதிமூன்று வாக்கில். மோரி சார் ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனிக்கு புரொடக்‌ஷன் தலைவராக வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கூபேயை ஊரிலிருந்து வரவழைத்திருந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்த பையன்கள் தவணையில் வாங்கும் வண்டியாம். இங்கே சுங்கவரி கட்டி இறக்கியதும் கோடீஸ்வரன் வண்டி ஆகிவிட்டது.

முறை என்று ஒன்று இருக்கிறதே. முன் சீட்டை மடக்கிக் காட்டினேன். சார் குனிந்து பின்னால் நுழைந்தார். முழங்கால் தாடையில் இடித்தது, தலை கண்ணாடியில் இடித்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை அப்படியே வந்தார். கேட்டில் செக்யூரிட்டி காலியான முன் சீட்டுக்கு சல்யூட் அடித்தார். சாரை வெளியே எடுக்க இரண்டு பேர் கை கொடுத்தோம்.

"டுமாரோ ஃப்ரண்ட், ஓகே?" என்றார் சார், சட்டையைச் சரிசெய்தபடி.

மறுநாள் அவரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் தனசேகரன் பார்த்துவிட்டார். மண்ணூர்க்காரர். வாயில் எதுவும் நிற்காது.

"இன்னாயா, ஆபீசரை பக்கத்துல குந்த வெச்சினு வர்ற? மாமன் மச்சானா நீங்க?"

"பின்னாடி மனுசன் குந்த முடியாது சார். டிபன் பாக்ஸ் வைக்கலாம்."

2. விதி

இவ்வளவு ஆசையாக வாங்கியவர் தானே ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கூடாது. எப்போதோ நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு, வெளிநாட்டு அதிகாரிகள் இங்கே ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று அந்தக் கம்பெனியில் விதி போட்டிருந்தார்கள். சீக்கிரம் தளர்த்திவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி சார் வண்டியை இறக்கினார், லைசென்சும் எடுத்து வைத்தார். விதி தளரவில்லை.

தனசேகரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "த பாரு, அந்தாளு ஸ்டியரிங்ல கை வெச்சாருன்னு தெரிஞ்சா அவரு ஏரோபிளேன் ஏறணும், நீ வூட்டுக்குப் போவணும். இன்னா, புரிஞ்சுதா?"

புரிந்தது. என் மகளுக்கு அப்போதுதான் நர்சிங் சீட் கிடைத்திருந்தது.

ஆகவே வண்டியை நான் ஓட்டினேன். நாற்பதைத் தாண்டாமல், சீக்கிரம் சீக்கிரம் மேல் கியர் போட்டு, மைலேஜ் கெடாமல் ஓட்டினேன். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் அடி தட்டாமல் குறுக்காக ஏற்றுவேன், பின்னால் டிரெய்லர்காரன் என் வம்சத்தையே விசாரிப்பான். ஷேர் ஆட்டோவில் தொங்கும் பையன்கள் குனிந்து எங்களைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு போவார்கள். சார் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அவராகவே பேசினார். இன்ஜின் முன்னால், தள்ளுவது பின் சக்கரம், அதுதான் இந்த வண்டியின் அழகு என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். ரியர் வீல் டிரைவ்.

"தெரியும் சார். அம்பாசடர், சேம்" என்றேன்.

ஆட்டிக்கொண்டிருந்த கையை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

3. வாட்டர் வாஷ்

வண்டியைப் படப்பையில் என் வீட்டுப் பக்கம் இருந்த வாட்டர் வாஷ் கடையில்தான் கழுவுவேன். கடைக்காரர் முருகேசன், தூத்துக்குடிப் பக்கம். இப்படியே மூன்று வருடம் ஓடிய பிறகு, ஒருநாள் தரையில் போடும் ரப்பர் மேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். டிரைவர் பக்கம் மேட்டு தேயும், சரி. இது இடதுபக்க மேட்டு. சும்மா உக்காந்து வாற ஆளுக்கு எப்டிண்ணே இப்டி தேயும்?"

பார்த்தேன். இரண்டு இடத்தில் தேய்ந்திருந்தது. இடது கால் கிளட்ச் மிதிக்கும் இடம், வலது கால் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மிதிக்கும் இடம்.

மறுநாள் ஓரக்கண்ணால் கவனித்தேன். நான் கியர் மாற்றுவதற்கு முன்னாலேயே சாரின் இடது கால் தரையை அழுத்தியது. மடியில் இருந்த இடது கை கியரைப் பிடிப்பதுபோல் ஒரு பிடி பிடித்து விட்டது. முன்னால் ஆட்டோ நின்றபோது எனக்கு முன் அவர் பிரேக் போட்டார். மனிதர் வாங்கிய நாளிலிருந்து தன் வண்டியை அந்தப் பக்கத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

கொஞ்ச நாளில் சாரைத் திரும்ப ஊருக்கு மாற்றி உத்தரவு வந்தது. வண்டியை இங்கேயே விற்கச் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போதும் கால் கிளட்ச் மிதித்துக்கொண்டுதான் இருந்தது.

4. சத்தம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் சத்தம் வந்தால் ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் கீழே நின்று காது கொடுப்பார். அதை நாங்கள் டிரயல் என்போம். டிரைவிங் என்று யாரும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சார் டென்னிஸ் விளையாடப் போக வேண்டும். நான் வண்டியை ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டையின் உள்ளே விட்டேன். மனை எல்லாம் காலி. ரோடு மட்டும் அகலமாக, நேராகக் கிடந்தது. எருமைகள்கூட அன்று இல்லை. நிறுத்தி இறங்கினேன்.

"சார், வண்டில சவுண்ட் வருது. நான் கீழ நின்னு கேக்கணும். யூ டிரயல்."

"சவுண்ட்? நோ சவுண்ட்."

"இருக்கு சார். நான் டிரைவர், எனக்குத் தெரியும்."

என்னையும் காலி ரோட்டையும் பார்த்தார். பிறகு இறங்கிச் சுற்றி வந்தார். ஷூவைத் தட்டிவிட்டு ஏறினார். சீட்டையும் கண்ணாடியையும் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி சரிசெய்தார். கிளம்பினார்.

நாற்பதில் மேல் கியர் போடவில்லை. அறுபதிலும் போடவில்லை. இன்ஜின் கத்தியது. அந்த வண்டிக்கு அப்படியொரு குரல் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். கடைசித் திருப்பத்தில் பின்பக்கத்தை லேசாக ஆட்டிக்கொண்டு திரும்பி வந்து, என் அருகில் நிறுத்திக் கேட்டார்.

"சவுண்ட்?"

"இருக்கு சார். ஒன் மோர்."

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கேட்டார், ஒவ்வொரு முறையும் இருந்தது. அப்போதுதான் பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. தனசேகரன். ஞாயிறு ஷிப்டுக்குப் போகும் வழி. மகளின் கடைசி வருட ஃபீஸ்தான் முதலில் ஞாபகம் வந்தது.

"யோவ், யார்யா ஓட்றது?"

"வண்டில சத்தம் சார். டிரயல் பாக்குறோம்."

சார் அந்தக் கோடியில் திரும்பி எங்களை நோக்கி வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. வண்டி எங்களைக் கடந்து போனது. தனசேகரன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி போன திசையையே பார்த்தார்.

"ஆமாயா, சத்தம் கேக்கத்தான் செய்யுது" என்றார். "இன்னொரு ரவுண்டு வுடச் சொல்லு."

திங்கட்கிழமை சார் வழக்கம்போல இடது கதவைத் திறந்து ஏறினார். நான் கியர் மாற்றினேன். அவர் கால் அசையவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, ஷிப்ட் பஸ்சுக்கு நிற்கும் பையன்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

புதிதாக வரும் டிரைவர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டியில் சத்தம் இருக்கிறதா என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கண்டுபிடிக்க முடியாது. நாம் இறங்கித்தான் ஆக வேண்டும்.