முப்பது பேரு சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரு

காலேஜுல அட்டெண்டர் உத்தியோகம்னா காலுக்கு ஓயாத வேலை, வாய்க்குப் பூட்டு. எனக்குக் காலு சரி, அந்தப் பூட்டுதான் சேரவே மாட்டேங்குது.

பெல்லு அடிச்சு, பைலு தூக்கி, பூட்டு திறந்து, அதே பூட்டைப் பூட்டி அலையுற அம்புட்டு சகாக்களுக்கும் சொல்றேன், கேளுங்க. நான் சவரிமுத்து. திண்டுக்கல்லுல ஒரு காலேஜுல கம்ப்யூட்டர் டிப்பார்ட்மெண்டு அட்டெண்டரு. படிப்பு எட்டாவதோட சரி. செத்த நேரம் ஒரு இடத்துல நிக்க ஏலாது. ஒருத்தரு பேசுனா உடனே அவரு மாதிரியே பேசிக் காட்டாம இருக்கவும் ஏலாது. ரெண்டுக்கும் மருந்து இல்ல.

சோப்புத்தண்ணி போட்ட ரோடு

எங்க டிப்பார்ட்மெண்டுல ஆராய்ச்சி பண்ற பொண்ணு செல்வி. நெய்க்காரப்பட்டி, வெவசாயக் குடும்பம். கம்ப்யூட்டரு இல்லாம வேற எது எதெல்லாம் கணக்குப் போடும்னு தேடுறதுதான் அதோட ஆராய்ச்சி. ஒரு நாள் ரெண்டு பிளாஸ்டிக் தகடு, நாலு ஆணி, சோப்புத்தூள் வேணும்னுச்சு. தகடு ரெண்டுக்கும் நடுவுல ஆணியை நிறுத்தி, "இது திண்டுக்கல்லுங்ணா, இது எரியோடு, இது கொடைரோடு, இது எங்கூரு"ன்னு சொல்லி சோப்புத்தண்ணியில முக்கித் தூக்குச்சு. அடேயப்பா! நாலு ஊரையும் சேர்த்து ஒரு படலம். ஆகக் குறைஞ்ச நீளத்துல எப்படி ரோடு போடலாம்னு சோப்பே கண்டுபிடிக்குதாம்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? நானும் வாங்கிப் பத்துத் தடவ முக்குனேன். ரெண்டு தடவ வேற மாதிரி ரோடு வந்துச்சு. "சில நேரம் இதுவே போதும்னு பாதியிலயே நின்னுக்குமுங்ணா"ன்னுச்சு செல்வி. ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கிற பாண்டி எட்டிப் பார்த்தாப்புல. அவரு பார்க்கும்போதே படலம் பட்டுன்னு உடைஞ்சு போச்சு.

"ஏலே சவரி, போட்டவுடனே உடையுதுல்ல, அப்ப இது நம்மூரு ரோடேதான்."

படிச்ச பயலுக கெடுத்தது

சிரிப்பு அதோட போச்சு. ஆராய்ச்சியை முடிக்கச் செல்விக்குக் குடுத்த கெடு முடிஞ்சுருச்சு. வெளியூருல இருந்து ஒரு பேராசிரியரு வந்து பார்த்து சரின்னு சொன்னாத்தான் இன்னும் ஒரு வருசம் கிடைக்கும். இல்லைன்னா அஞ்சு வருச உழைப்பை மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போகணும். அவருக்குக் காட்ட அந்தப் பொண்ணு வச்சிருந்தது மனுசங்களையே வச்சுச் செஞ்ச கம்ப்யூட்டரு.

வித்தை இதுதான். முப்பது பேரு மைதானத்துல இஷ்டத்துக்குச் சுத்தணும். இருபது பேரு கையில மஞ்ச அட்டை, பத்துப் பேரு கையில சிவப்பு. மாத்திக்க எல்லாரு பையிலயும் ரெண்டு நிறமும் இருக்கும். ரெண்டு பேரு எதுக்க வந்தா அட்டையைக் காட்டணும். ஒரே நிறம்னா போயிட்டே இருக்கலாம். வேற நிறம்னா முதல்ல காட்டுன ஆளு தப்பிச்சாரு, மத்தவரு அட்டையைப் பைக்குள்ள போட்டு வெறுங்கையாகணும். வெறுங்கை அடுத்து யாரைப் பார்க்குதோ அந்த நிறத்தை எடுத்துக்கணும். கடைசியில எல்லாரு கையிலயும், ஆரம்பத்துல எது அதிகமோ அந்த நிறம் மட்டும் நிக்கும். ஒருத்தரும் எண்ண வேண்டாம்.

முதல்ல மாணவப் பயலுகளை வச்சுப் பார்த்துச்சு. ஒருத்தன் தலையை எண்ணுறான். ஒருத்தன் மஞ்சதான் ஜெயிக்கும்னு முன்னாடியே மாத்திக்கிட்டான். இன்னொருத்தன் கூட்டாளி கையிலயும் சிவப்புதான்னு சிவப்பை விடவே மாட்டேன்னுட்டான். செல்வி தலையில கை வச்சு உட்கார்ந்துருச்சு. அப்புறம் என்னைய மேலயும் கீழயும் பார்த்துச்சு.

"ஏனுங்ணா, இதுக்கு ரொம்ப யோசிக்காத ஆளுங்கதான் வேணும், நீங்க வர்றீங்களா?"

சிவப்பு ஜெயிச்ச கதை

கோவிச்சுக்கவா முடியும்? கேண்டீன் ஆளுக, வாட்ச்மேன், தோட்டக்காரங்க, பஸ் டிரைவருகன்னு முப்பது பேரைத் திரட்டிட்டேன். எனக்குச் சிவப்பு அட்டை. நடக்கிற வேலைதானே, நமக்கு வெல்லமாச்சேன்னு இறங்குனேன். ரெண்டு சுத்து சுத்துனதும் நாக்கு அரிக்க ஆரம்பிச்சிருச்சு. பிரின்சிபால் மாதிரி இருமிக் காட்டுனேன். எரியோடு பஸ் கண்டக்டரு மாதிரி "உள்ள போ, உள்ள போ"ன்னேன். அம்புட்டுதான், மொத்தக் கூட்டமும் என்னையச் சுத்திக்கிருச்சு. வர்ற ஆளுக்கெல்லாம் நான்தான் முதல்ல அட்டையைக் காட்டுறேன். அரை மணி நேரத்துல முப்பது கையிலயும் சிவப்பு! ஜெயிச்சுட்டோம்னு ஒரு ஆட்டம் வேற போட்டேன்.

திரும்பிப் பார்த்தா செல்வி கண்ணு கலங்கி நிக்குது. யாரு யாரைப் பார்க்கிறதுங்கிறது தற்செயலா நடந்தாத்தான் கணக்கு சரியா வருமாம். எல்லாரும் ஒருத்தனையே பார்த்தா, அவன் கையில இருக்கிறதுதான் விடையாப் போயிரும். பேராசிரியரு வர்றது மறுநாள்.

"அண்ணா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க நீங்களா இருக்காதீங்க."

பேசாம சுத்துன நாள்

ராத்திரி தூக்கம் இல்ல. காலையில பேராசிரியரு வந்தாரு. எத்தனை மஞ்ச, எத்தனை சிவப்புன்னு எங்களுக்குச் சொல்லாம, அவரு முன்னாடியே அட்டையைப் புதுசாக் கலந்து குடுத்துச்சு செல்வி. வாயைத் திறந்தாரு பாருங்க, மூக்கால பேசுறாரு! ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி "ம்ஹ்ம்" வேற. என் தொண்டைக்குள்ள அந்தக் குரலு குறுகுறுன்னு ஏறி வருது. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சுத்துனேன். தோட்டக்காரரு கண்ணைச் சிமிட்டி "எடுத்து விடு"ங்கிறாரு. அட்டையைக் காட்டிட்டு ஓடிட்டேன். சிவப்பு போய் வெறுங்கை ஆச்சு, வெறுங்கை போய் மஞ்ச ஆச்சு. கொஞ்ச நேரத்துல மைதானமே மஞ்ச.

பேராசிரியருக்குச் சந்தேகம். சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்துட்டாங்களோன்னு நெனச்சாரு போல. நேரா என்கிட்ட வந்து, "ஆரம்பத்துல எந்த நிறம் அதிகம்?"னு கேட்டாரு.

"தெரியாதுங்கய்யா. எதுக்க வந்த ஆளு கையைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். வேற ஒன்னும் தெரியாது"ன்னேன். முப்பது பேரையும் கேட்டாரு. ஒருத்தருக்கும் தெரியல. யாரும் எண்ணாமலே விடை சரியா வந்திருக்குன்னு அவரு முகம் அப்படியே மலர்ந்துருச்சு. செல்விகிட்ட, "ஒரு வருசம் தர்றேன், எழுதி முடிச்சிரும்மா"ன்னு கையெழுத்துப் போட்டாரு. போகும்போது என் தோளைத் தட்டுனாரு.

"ம்ஹ்ம், ஒன்னுமே தெரியாம இம்புட்டு கரெக்டா வேலை பார்த்த ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்."

இத்தனை வருசச் சர்வீஸுல எனக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு இதுதான், இதைச் சிரிக்காம யார்கிட்டயும் சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல.