போதை எந்த உருவத்தில் வந்தாலும்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஈப்பச்சன் சார் வேலையைத் தொடங்குவார். கேரளத்துப் பாலா ஊரின் கடைத்தெருவில், ரப்பர் ஷீட் கடைக்கு மேலே அவர் அறை. ஆளைச் சாய்வு நாற்காலியில் உட்கார்த்தி, "கட்டைவிரல் நகத்தையே பாரு. இமை கனக்குதா? கனக்கட்டும்" என்பார். அதட்டல் கிடையாது, பிள்ளையைத் தூங்கவைக்கும் குரல். குடி, புகை, நகம் கடிப்பது என்று விடமுடியாத பழக்கத்தோடு வருகிறவர்களை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி, அதன்மேல் வெறுப்பை விதைப்பது அவர் தொழில்.

"தூக்கத்துல என் பொண்டாட்டியைப் பத்தி ஏதாச்சும் உளறிட்டா, சாரே?" என்று கேட்டான் வந்தவர்களில் ஒருத்தன்.

"உளறு. என் வீட்டுலயும் ஒருத்தி இருக்கா, எனக்குப் புரியும்."

வசியக்காரன் என்று நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு விலகுகிறவர்கள் உண்டு. அந்தி சாய்ந்ததும் புருஷனை இழுத்துக்கொண்டு அந்தப் படியேறுகிறவர்களும் அவர்களேதான். சாரோ மாதா கோயில் வாசலை மிதித்து வெகுகாலமாகிறது. வந்த வினையே அதனால்தான்.

ஆட்டோ ஓட்டும் குரியாச்சனை அவன் மனைவி ரோசம்மாதான் கூட்டிவந்தாள். காலையிலேயே பிராந்தி. சார் அவனைத் தூங்கவைத்துச் சொன்னார்: "சாராயமோ திராட்சையோ, போதை எந்த உருவத்துல வந்தாலும் வாடை பட்டதும் உனக்கு வயித்தைப் புரட்டும்."

குடி நின்றது. அடுத்த ஞாயிறு பூசையில், திராட்சரசத்தில் தோய்த்த அப்பத்தைப் பாதிரியார் அச்சன் நாக்கருகே கொண்டுவந்தார். குரியாச்சன் குமட்டி, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். "ஆண்டவரே அவனை வேண்டாம்னுட்டார்" என்று ஊர் பேசியது. ஊர் வாயை யார் மூடுவது!

மகள் ஆன்மேரி முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மை நெருங்கியபோது இருவரும் மறுபடி படியேறினார்கள்.

"வெறும் அப்பமா தர்றேன்னு அச்சன் சொல்றாரு. அத்தனை பேர் பாக்க எனக்கு மட்டும் தனியாவா? இல்ல, புள்ள உள்ள வாங்கறப்ப நான் வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கவா?"

ரோசம்மா குறுக்கே விழுந்தாள். "போட்டதை எடுத்துடாதீங்க, சாரே. அந்த ஓட்டை வழியா பாட்டில் திரும்ப வந்துடும். இந்த மனுஷன் உயிரோட இருந்தாப் போதும் எனக்கு."

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்ததுதான் கொடுமை.

"என் தப்புடா, குரியாச்சா. திராட்சைன்னதும் எனக்குக் கடைதான் ஞாபகம் வந்துச்சு. கோயில் வரல."

பிறகு மின்விசிறியை நிறுத்தினார். "கடைச் சரக்கு எப்பவும் போலப் புரட்டட்டும். பூசையில அச்சன் கையால வர்றது மட்டும் சோறு மாதிரி இறங்கட்டும்." ரோசம்மா வெளியே படியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். பலிக்குமா என்று அவள் கேட்டாள். அது சாருக்கே தெரியாது.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நான் எதைத் தொடக்கூடாது? அதைச் சொல்லு முதல்ல."

புதுநன்மை அன்று சார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வந்து கடைசித் தூணோடு ஒட்டி நின்றார். "யாரு இது, வழி தவறி வந்துட்டாரா?" என்று பெண்கள் பக்கத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். வெள்ளை உடுப்பும் பூ முடியுமாக ஆன்மேரி முதலில் வாங்கினாள். அடுத்து குரியாச்சன். அவன் காது மடல் சிவந்திருந்தது. ரோசம்மா பலிபீடத்தைப் பார்க்கவில்லை, புருஷன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சன் கை உயர்ந்தது.

குழந்தைக்குச் சோறூட்டும் தாய் தன்னையறியாமல் தானும் வாயைத் திறப்பாளே, அப்படித் தூணருகே ஈப்பச்சன் சாரின் வாய் திறந்தது. குரியாச்சன் விழுங்கினான். அதற்கப்புறம்தான் அவர் வாயை மூடினார்.