சலவைக் காசு

என் அப்பா நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். பத்து வயது வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில் அவர் பெரிய கிளாக்கர். தேயிலை ஏற்ற வரும் கப்பல்களில் ஏறி இறங்குவது வேலை. வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் கட்டாயம். வெள்ளைக்காரன் வைத்த சட்டம். அவன் போன பிறகும் அது போகவில்லை. காலையில் கொக்கு மாதிரிப் போவார். பின்னேரம் கப்பல் ஏணியில் இருந்த கிறீஸ் முழுவதையும் பூசிக்கொண்டு வருவார்.

அந்தக் கிறீஸை எடுப்பது அம்மா. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, சவர்க்காரத்தில் அவித்து, கல்லில் அடித்து, நீலமும் கஞ்சியும் போட்டு, சிரட்டைக்கரி நெருப்பில் ஸ்திரிக்கை போட வேண்டும். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது நான். அம்மாவின் விரலிடுக்குகள் எப்போதும் வெடித்திருக்கும். மீனுக்கு உப்புப் போடும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். லோண்டரிக்குக் கொடுப்போமா என்று கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான்.

"எங்கட சம்பளத்துக்கு ஏலாது."

அம்மா நம்பினாள். நீலத்தை அப்பாவின் வெறும் சிகரெட் தகரப் பேணி ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பேணிகளுக்கு எங்கள் வீட்டில் குறைவே இல்லை.

அம்மாவின் அண்ணன், என் மாமா, கொழும்பில் வரிக் கந்தோரில் வேலை செய்தார். ஒருமுறை லீவில் வந்து நின்றார். அந்த வருடம் அப்பாவின் வருமானத்தைப் பற்றி ஏதோ விளக்கம் கேட்டு வரிக் கந்தோர் கடிதம் அனுப்பியிருந்தது. மாமா மத்தியானச் சோற்றையும் மூதூர்த் தயிரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, கதிரையில் சாய்ந்தபடி அந்தக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி உரத்துக் கேட்டார்.

"தங்கச்சி, மச்சானின்ர உடுப்பை எந்த லோண்டரிக்குக் குடுக்கிறனீ?"

"லோண்டரியோ? அதுக்கு நான் இருக்கிறன்தானே" என்று அம்மா கையைத் துடைத்தபடி வந்தாள்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப மச்சான், நீர் வடிவா மாட்டுப்பட்டிட்டீர்! கம்பனி மாசாமாசம் சலவைக்கெண்டு காசு தருது. அதைச் சலவைக்குச் செலவழிச்சால் வரி இல்லை. செலவழிக்காமல் பொக்கற்றில போட்டால் அதுவும் சம்பளம்தான். வரி கட்டத்தான் வேணும்."

அம்மா கேட்டாள்: "என்ன காசு?"

அப்பா கூரையைப் பார்த்தார். மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்ப துவங்கி அண்ணை?"

"வேலையில சேர்ந்த நாள் துவங்கி வாறதுதான்" என்று மாமா மெல்ல இழுத்தார்.

அப்பா வேலையில் சேர்ந்தது கலியாணத்துக்கு முன்னர். அம்மாவின் பார்வை மேசையில் இருந்த சிகரெட் பேணியில் போய் நின்றது. அப்பா அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இஞ்ச ஆரும் பட்டினி கிடந்தவையோ?" என்று அப்பா பாய்ந்தார். "அதை விடும். மச்சான், லோண்டரிக்காரன் எனக்குத் தெரிஞ்சவன். காசு வாங்கினதா ஒரு துண்டு எழுதுவிச்சு எடுப்பம்."

"பொய்த் துண்டு ஏன்?" என்றாள் அம்மா. "தோய்ச்சவள் நான். காசை இதில வையுங்கோ. நானே எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாறன்."

"உமக்கென்ன விசரே? கட்டின மனுசிக்கு ஆராவது கூலி குடுப்பினமோ?"

மாமா சமாதானம் பேச வந்தார். "மனுசி தோய்ச்சால் அது செலவில்லை, தங்கச்சி. எங்கட கந்தோரில எடுபடாது."

"அப்ப உங்கட கந்தோரை வந்து ஒருக்காத் தோய்ச்சுப் பாக்கச் சொல்லுங்கோ!"

தமையனை எதிர்த்து அம்மா கதைத்து நான் கேட்டதே இல்லை. மாமா குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அம்மா அந்த உடுப்பைத் தொடவில்லை. மாற்று உடுப்பெல்லாம் முடிந்த அன்று அப்பா வீடு அதிரக் கத்திவிட்டு, கிறீஸோடே வேலைக்குப் போனார். கப்பலில் ஏற விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவர் அழுக்கு மூட்டையைச் சைக்கிளில் கட்டி லோண்டரிக்குக் கொண்டுபோனார். சிகரெட் பேணி வருவது நின்றது. பீடி வந்தது. அடுத்த வருடம் அந்தக் காசுக்கு வரி இல்லை. சட்டத்துக்குப் பரம திருப்தி.

மூட்டை போன முதல் சனிக்கிழமை, நான் பழக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் அள்ளி வைத்தேன். அம்மா தோய்க்கிற கல்லில் சும்மா இருந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"இனித் தோய்க்கத் தேவையில்லைத்தானே அம்மா, பிறகேன் அழுறீங்கள்?" என்று கேட்டுவிட்டு, தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன்.

செலவழிக்காத சலவைக் காசு சம்பளம் என்று மாமா சொன்னது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. யாருடைய சம்பளம் என்பதுதான் விளங்கவில்லை.