63.4 கிலோ

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்தவன் திரும்பப் போட மறந்துவிட்டேன்.

மீதியை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கே அரை நம்பிக்கைதான். ஆனால் என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு பெரிய கட்டடத்தின் பேஸ்மெண்ட். மொத்தக் கட்டடத்துக்கும் குளிர் தரும் சில்லர் மிஷின் அங்கே ஓர் அறைக்குள் இருக்கிறது. அதில் கேஸ் குறைந்திருந்தது. மொட்டைமாடியில் தண்ணீர் டவரைக் கழுவப் போன மெக்கானிக் அண்ணன், கேஸ் ஏற்றும் வேலையை முதல்முறையாக என்னிடம் விட்டார்.

“ஏழு மணிக்குப் பரீட்சைண்ணே. லேட்டானா இந்த வருஷமும் போச்சு.”

“அப்ப வாய மூடிட்டு வேலையப் பாரு. தராசு புதுசு, உடைச்சுத் தொலைக்காத.”

எங்காவது கேஸ் கசிந்தால் ‘உஸ்’ என்று கேட்கும். அதைக் கேட்கத்தான் ஃபேனை அணைத்தேன். ஒரு கசிவு கிடைத்தது. இறுக்கினேன். பிறகு மிஷினை ஓட்டினேன். சிலிண்டரைத் தராசில் வைத்து, ஹோஸை மாட்டி, வால்வைத் திறந்தேன். எத்தனை கிலோ உள்ளே போகிறதோ, அத்தனை கிலோ தராசில் குறைய வேண்டும்.

31 கிலோ. 29. 27...

மடமடவென்று இறங்கியது. நல்ல தாகம் போல மிஷினுக்கு என்று சிரித்துக்கொண்டே, எண்ணைப் பார்க்கத் தராசின் பக்கத்தில் குந்தினேன். கணுக்கால் சில்லிட்டது. தலை லேசாகக் கிறுகிறுத்தது. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான் என்று நினைத்தேன்.

25.2.

அங்கேயே நின்றது.

பிறகு... ஏறியது.

40. 58... கொஞ்சம் தயங்கியது. ஒரு காலை வைத்துவிட்டு மறுகாலை எடுத்து வைப்பதுபோல.

88.6.

தராசுத் தட்டு ‘கிறீச்’ என்றது.

வால்வை மூடினேன். சிலிண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக் கீழே வைத்தேன். தட்டு காலி.

63.4.

கையால் தட்டைத் துடைத்தேன். எதுவும் தட்டுப்படவில்லை.

63.4.

தராசு போச்சு, அண்ணன் கொல்லப் போகிறார். அந்த ஒரு நினைப்போடு எழுந்து கதவுக்குப் போனேன். கால் பின்னியது. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

0.0.

இறங்கிவிட்டது.

எங்கே?

படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

மாடியில் அண்ணன். மூச்சு வாங்க, “தராசு கெட்டுப்போச்சுண்ணே. காலியாவே அறுபத்து மூணு புள்ளி நாலு காட்டுது” என்றேன்.

அவர் தராசைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“ஃபேன் ஓடுதா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அறைக்கு வெளியே இருந்த ஃபேன் சுவிட்சைப் போட்டு, ரொம்ப நேரம் கழித்துத்தான் என்னை உள்ளே போக விட்டார். ஹோஸ் வாஷர் கிழிந்திருந்தது. மிஷின் குடித்ததாக நான் நினைத்த கேஸில் பாதி தரையில் தேங்கிக் கிடந்திருக்கிறது. காற்றைவிடக் கனமான கேஸ். வாசனையும் தெரியாது.

“இன்னும் கொஞ்ச நேரம் குந்தியிருந்தா அப்படியே தூங்கிப் போயிருப்ப.”

பரீட்சை போயிற்று. வேனில் வரும்போது அண்ணன் சொன்னார்.

“என் மச்சான் ஒருத்தன் என்கூட வேலை பார்த்தான். ஒல்லி. கொக்குன்னு கூப்பிடுவோம். சிலிண்டர வைக்கிறதுக்கு முன்னாடி தராசுல அவன் ஏறி நிப்பான். ‘பாருங்க மாமா, அதே அறுபத்து மூணு நாலு. உங்க தொப்பைக்கு இந்தத் தராசு தாங்காது’ம்பான்.”

“இப்ப எங்கண்ணே இருக்காரு?”

“அதே ரூம்லதான் செத்துப் போனான். கசிவு கேக்கணும்னு ஃபேன அணைச்சிருக்கான். தராசு பக்கத்துல குந்துன மேனிக்கே இருந்தான்.”

பட்டறைக்கு வந்ததும், எடை தெரிந்த இரும்புத் துண்டைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு கிராம்கூடப் பிசகவில்லை.

நாளை: முதலில் ஃபேன். புது வாஷர் போட வேண்டும். மீதி கேஸை ஏற்ற வேண்டும். தராசைத் தரையில் வைத்ததும் சிலிண்டரை ஏற்றக்கூடாது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அண்ணன் சொல்லியிருக்கிறார்.